பரங்கிமலையில் பார்த்த அதே எழுத்து

ஆலந்தூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பரங்கிமலை என்றால் முதலில் ஞாபகம் வருவது விமானம்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படியேறி மேலே போய் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் பக்கத்திலேயே போகிற மாதிரி இருக்கும். பார்த்து முடித்ததும் ஆளுக்கொரு ஐஸ். அப்புறம் சும்மா கோயிலுக்குள் ஓர் எட்டு. பீடத்துக்கு மேலே ஒரு கறுத்த கல், கல்லில் ஒரு சிலுவை, சிலுவையைச் சுற்றி வளைவாகப் புழு நெளிகிற மாதிரி ஓர் எழுத்து. "இது என்ன பாஷைப்பா?" என்று கேட்டேன். "ஏதோ பழைய பாஷைடா, வா, இருட்டுது" என்றார் அப்பா. அத்தோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

கொசுவத்தி போதும். முப்பது வருஷம் கழித்து வங்கி மாற்றலில் கோட்டயம் வந்து சேர்ந்தேன். திருவனந்தபுரம் மெயிலில் வந்திறங்கிய மூன்றாவது வாரம், அலுவலக நண்பர் ஒருவர் "சாரே, மழை விட்டிருக்கு, வலிய பள்ளி பார்க்கப் போலாமா?" என்று எங்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சின்ன மேட்டின் மேல் இருக்கிற பழைய தேவாலயம். உள்ளே போய், பக்கவாட்டுப் பீடத்தில் பதித்திருந்த கல்லைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அதே சிலுவை. அதே வளைவு. அதே புழு நெளிகிற எழுத்து!

எதிர்ப்பக்கப் பீடத்தில் இன்னொன்றும் இருந்தது. தங்கமணி "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க" என்றாள். எழுநூறு கிலோமீட்டர் தள்ளி வந்து சொந்த ஊர்க்காரனைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துப் பழைய பள்ளிகளைப் பார்ப்பதே என் விடுமுறை நாள் வேலையாகிவிட்டது. கோட்டயம், கடுத்துருத்தி, முட்டுச்சிறை, குறவிலங்காடு, ராமபுரம் என்று சுற்றியதில் தெரிந்துகொண்டதை நம் ஆட்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஒரே வரி, பல கற்கள்

அந்த எழுத்து பஹ்லவி. இஸ்லாம் வருவதற்கு முந்தைய பாரசீகத்தின் எழுத்து. பரங்கிமலைக் கல்லை 1547-ல் போர்த்துகீசியர்கள் அஸ்திவாரம் தோண்டும்போது கண்டெடுத்தார்கள். யாராலும் படிக்க முடியவில்லை. ஒரு பண்டிதரைக் கூட்டிவந்து கேட்டதில் அவர் தோமையாரின் முழுக் கதையையும் அதில் 'படித்து'க் காட்டினாராம். ஒரு சின்ன வரிக்குள் அவ்வளவு கதை! :-) 1873-ல் பர்னல் என்கிற ஆங்கிலேயர், தென்னிந்தியக் கல்வெட்டு ஆராய்ச்சியில் பெரிய ஆள், இது பஹ்லவி என்று எழுதினார். அதன்பின் ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள். இன்றும் சொல்லுக்குச் சொல் ஒத்த கருத்து இல்லை. ஆனால் சாரம் ஏறக்குறைய இதுதான்: சஹார்புக்த் என்பவருடைய மகன் ஒருவன், இந்தச் சிலுவைக்காகத் தன்மேல் இரக்கம் வைக்கும்படி ஆண்டவரைக் கேட்கிறான். மகனின் பெயரை ஒரு அறிஞர் அஃப்ராஸ் என்கிறார், இன்னொருவர் சப்ரீஷோ என்கிறார்.

ராஜாவின் மெய்க்கீர்த்தி இல்லை, நிலம் கொடுத்த கணக்கும் இல்லை. ஒரு சாதாரண மனுஷனின் வேண்டுதல். அதே வரி பரங்கிமலையிலும், கோட்டயத்திலும், முட்டுச்சிறையிலும், கடமற்றத்திலும் இருக்கிறது. எழுத்தின் அமைப்பை வைத்து 7 முதல் 10-ம் நூற்றாண்டுக்குள் என்று காலம் சொல்கிறார்கள். கோட்டயத்தின் இரண்டு கற்களில் ஒன்று மூத்தது, மற்றது இளையது. இளையதில் சிரியாக் எழுத்திலும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். கல்லில் வெட்டியவர்கள் எல்லோருக்கும் பஹ்லவி தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அர்த்தம் புரியாமலே பக்தியோடு நகலெடுத்திருக்கலாம். நாம் சமஸ்கிருத மந்திரம் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். சிலுவையில் இயேசுவின் உருவம் கிடையாது. வெறும் சிலுவை, மேலே ஒரு புறா, அடியில் இதழ் விரித்த மலர். இரண்டு பக்கமும் தூண், தூணின் மேல் மகரம், மகரத்தின் வாயிலிருந்து புறப்படுகிற வளைவு. நம் கோயில்களில் சாமிக்குப் பின்னால் இருக்கிறதே மகர தோரணம், அதேதான். வேண்டுதல் பாரசீகத்துடையது, உளி நம்மூருடையது.

பள்ளி என்கிற சொல்

இங்கே தேவாலயத்துக்குப் பெயர் பள்ளி. மசூதிக்கும் பள்ளிதான். முதல் மாதம் என் பையன் "இன்னைக்குப் பள்ளி லீவு" என்றதை ஒரு சேட்டன் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். நமக்குப் பள்ளி என்றால் படிக்கிற இடம். ஆனால் சமணர் பள்ளி, பௌத்தப் பள்ளி, பள்ளிவாசல் என்று நாமும் சொல்கிறோமே? வேற்றுச் சமயத்தார் கூடுகிற இடத்துக்குப் பழந்தமிழ் கொடுத்த சொல் அது. மலையாளம் அதை அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறது.

இதற்குச் செப்பேட்டுச் சான்றே உண்டு. 849-ம் ஆண்டு, சேர மன்னன் ஸ்தாணுரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளிக்கு உரிமைகள் கொடுத்து ஒரு செப்பேடு எழுதித் தந்தார். தரிசா என்பது கிறிஸ்தவரைக் குறிக்கும் பாரசீகச் சொல். பள்ளி என்பது நம் சொல். பள்ளிக்கு ஒதுக்கிய குடிகள், அவர்களுக்கு நீக்கிய வரிகள், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களின் பொறுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழி, மலையாளம் தனியாகப் பிரிந்து போகாத காலத்து மொழி. நிதானமாகப் படித்தால் நமக்குப் பாதிக்கு மேல் புரியும். சாட்சிக் கையெழுத்துகள்தான் வேடிக்கை: அரபியில் சில, பஹ்லவியில் சில, எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்தில் சில. ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்த பட்டயத்தில் முஸ்லிம், பார்சி, யூத வணிகர்கள் சாட்சி! மிஞ்சிய ஏடுகள் இன்று கோட்டயத்திலும் திருவல்லாவிலும் திருச்சபைகளின் பாதுகாப்பில் இருக்கின்றன.

வாசலிலிருந்து பீடம் வரை

வலிய பள்ளியை நிறுவியது 1550-ல். கனானாய சமூகத்தினரின் பள்ளி. தெக்கும்கூர் ராஜாவின் அனுமதியோடு கட்டியது. கல் சிலுவைகள் கொடுங்கல்லூரிலிருந்து வந்தவை என்பது அவர்கள் மரபு. ஆக, கட்டடத்தைவிடக் கல் பல நூறு வருஷம் மூத்தது. பக்கத்திலேயே சின்னப் பள்ளி, இங்கே செறிய பள்ளி என்பார்கள், 1579-ல் கட்டியது. அதன் பீடப் பகுதிச் சுவர்களில் வேதாகமக் காட்சிகளை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஏற்றுமானூர் சிவன் கோயில், அங்கே புகழ்பெற்ற நடராஜர் சுவரோவியம். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். அந்தக் காவியும் மஞ்சளும் பச்சையும் பங்காளிகள் என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

கிராமத்துப் பழைய பள்ளி ஒன்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நண்பர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை இது.

முதலில் வெளியே, பள்ளிக்கு எதிரே, திறந்த வெளியில் ஒரு பெரிய கருங்கல் சிலுவை. பீடம் நம் பலிபீடத்தைப் போலத் தாமரை இதழ், பட்டி, அடுக்கு என்று இருக்கும். கடுத்துருத்தியில் 16-ம் நூற்றாண்டின் கடைசியில் நிறுத்தியது அண்ணாந்து பார்க்கிற உயரம். சுற்றிலும் எண்ணெய் விளக்கு வைக்கிறார்கள். அப்புறம் கொடிமரம். பல ஊரில் செம்புத் தகடு போர்த்தியது. பெருநாள் என்றால் கொடியேற்றம், செண்டை, முத்துக்குடை எல்லாம் உண்டு. என் பெண் கேட்ட கேள்வி: "அப்பா, இது சர்ச்சா கோயிலா? கரெக்டா சொல்லு!"

அவளாவது சின்னப் பெண். 1498-ல் கோழிக்கோட்டில் இறங்கிய வாஸ்கோ ட காமாவின் ஆட்கள் ஒரு கோயிலுக்குள் போய் அதை தேவாலயம் என்றே நினைத்து மண்டியிட்டார்கள். சுவரில் இருந்த 'புனிதர்'களுக்கு நாலைந்து கை இருந்ததையும் குறித்து வைத்திருக்கிறார்கள்!

அடுத்து கூரையைப் பாருங்கள். பழைய அமைப்பில் அது மூன்று படி. முன்மண்டபத்தின் மேல் தாழ்ந்த கூரை, மக்கள் நிற்கிற இடத்தின் மேல் அதைவிட உயரம், பீடத்தின் மேல் எல்லாவற்றையும்விட உயரம். ஐரோப்பிய தேவாலயத்தில் கோபுரம் பெரும்பாலும் வாசல் பக்கம் ஓங்கி நிற்கும். இங்கே கருவறைதான் உயர்ந்தது. உள்ளே இருக்கிற பெயர்கள் சிரியாக்: மக்கள் நிற்கிற இடம் ஹைக்கலா, பீடம் இருக்கிற இடம் மத்பஹா. மத்பஹாவுக்குத் திரை உண்டு. வாசல் மேற்கே, பீடம் கிழக்கே. நம் கோயிலில் சாமி கிழக்கே பார்க்கும், இங்கே கும்பிடுகிறவர் கிழக்கே பார்க்கிறார்.

சுவர் வெட்டுகல், அதாவது செந்நிறத் துருக்கல். பூமியிலிருந்து வெட்டும்போது மிருதுவாக இருந்து, காற்றுப் பட்டு இறுகுகிற கல். அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து. சுவர் எவ்வளவு தடிமன் என்று சன்னல் அருகே நின்றால் தெரியும், சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளு. கூரை மரம் தேக்கு, ஆஞ்சிலி. கூரைமேல் ஓலைதான் ரொம்பக் காலம். ஓடு எல்லோருக்கும் எட்டியது 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகுதான்.

ஞானஸ்நானத் தொட்டியைத் தவறவிடாதீர்கள். ஒரே கருங்கல்லில் குடைந்து, விளிம்பில் கயிறு முறுக்கு, பூக்கொடி எல்லாம் செதுக்கியிருப்பார்கள். கும்பகோணத்துப் பக்கம் கல்தொட்டி பார்த்தவர்கள் கையைப் பாராட்டாமல் நகரமாட்டார்கள்.

இவ்வளவும் சொன்ன நண்பர் கடைசியில் முன்பக்கத்தைக் காட்டினார். "இந்த முகப்பு மட்டும் பரங்கிகளோடது, சாரே." 1599 ஜூனில் கோவாவின் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் ஒரு மாமன்றம் கூட்டினார். இங்கிருந்த கிறிஸ்தவர்களின் பழைய வழக்கங்களில் பலவற்றை அது தவறு என்று தள்ளியது. சிரியாக் நூல்கள் தீக்கிரையாயின. இந்தச் சமூகத்தின் பழைய வரலாற்றில் நிறைய அந்தத் தீயோடு போனது. போர்த்துகீசியத் தாக்கத்தில் பள்ளிகளுக்கு வளைவும் சுருளுமாக உயரமான முகப்பு வந்தது, பொன்முலாம் பூசிய பெரிய மரப்பீடம் வந்தது. அந்த முகப்பைத் தாண்டிப் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால்தான் பழைய பள்ளியின் உடம்பு தெரியும். மலையாளத் தச்சன் கட்டிய ஓட்டு வீடு, அவ்வளவுதான்.

அந்தத் தச்சு மரபு யாருக்கும் தனிச்சொத்து இல்லை. வலிய பள்ளியிலிருந்து கொஞ்ச தூரத்தில் மீனச்சிலாற்றங்கரைத் தாழத்தங்காடி. அங்கே மரத்தாலேயே புகழ்பெற்ற பழைய ஜும்மா மசூதி. தெக்கும்கூர் ராஜாக்களின் தளியில் சிவன் கோயிலும் பக்கம்தான். மூன்றின் கூரை முக்கோணத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே பாஷை பேசுகிற மாதிரி இருக்கும்.

யாருடைய பள்ளி?

எனக்கு இவ்வளவு நாள் புரியாதிருந்த விஷயம் ஒன்று. ராஜா கட்டிய பெரிய கோயில் நிற்பதில் ஆச்சரியமில்லை. ஊருக்குள் இருக்கிற சின்னப் பள்ளியை இத்தனை நூற்றாண்டு யார் நிறுத்தி வைத்தது?

பதில், பள்ளியோகம். அந்தப் பள்ளியைச் சேர்ந்த குடும்பங்களின் கூட்டம். கணக்கு, நிலம், வரவு செலவு எல்லாம் அங்கே வைத்துப் பேச வேண்டும். பொறுப்பாளருக்குக் கைக்காரன் என்று பெயர். நம் பழைய ஊர்ச்சபைகளை நினைத்துக்கொள்ளுங்கள். 1653-ல் மட்டாஞ்சேரியில் ஒரு சிலுவையை முன்னிறுத்தித் திரண்டு, போர்த்துகீசியப் பாதிரிகளுக்கு இனிக் கட்டுப்பட மாட்டோம் என்று சத்தியம் செய்தார்களே கூனன் குரிசு சத்தியம், அந்த வேகம் சும்மா வந்ததல்ல. ஊர்ப் பள்ளி ஊராருடையது என்கிற எண்ணம் ஊறிப்போயிருந்தது.

ராமபுரத்தில் அடக்கமாகியிருக்கிற பாறேம்மாக்கல் தோமா கத்தனார் இதற்கு நல்ல சாட்சி. தங்கள் சமூகத்தின் பிரிவைத் தீர்க்க 1778-ல் கரியாட்டில் மல்பானோடு ரோமுக்குக் கிளம்பினார். கப்பல் ஏறியது எங்கே தெரியுமா? நம் சென்னப்பட்டணத்தில்! திரும்பி வந்து அவர் எழுதிய வர்த்தமானப்புஸ்தகம், இந்திய மொழிகளின் முதல் பயண நூலாகப் பேசப்படுவது. அதில் ஓங்கி ஒலிப்பது, இந்தப் பள்ளிகளை நடத்தும் உரிமை இந்த மண்ணின் மக்களுக்கே என்கிற வாதம். கூடப் போன கரியாட்டில் பேராயராகத் திரும்பும்போது 1786-ல் கோவாவில் காலமானார். அடுத்த வருஷமே 84 பள்ளிகளின் சார்பாளர்கள் அங்கமாலியில் கூடித் தீர்மானம் எழுதினார்கள்.

நண்பரின் ஊர்

இதெல்லாம் பெருமைக் கதை. இப்போது கொஞ்சம் வருத்தக் கதை.

நண்பரின் ஊர் பாலா பக்கம் ஒரு கிராமம். அவர்கள் பள்ளியும் பழையது. இரண்டு வருஷம் முன்பு அதே பள்ளியோகத்தில், பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட்டில் கட்டலாமா என்று பேச்சு வந்தது. இடிக்கச் சொன்னவர்கள் ஒன்றும் வில்லன்கள் இல்லை. அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் நிஜம்: ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் மழையில் குடையோடு வெளியே நிற்கிறார்கள். உத்தரத்தில் கரையான். பழைய மரவேலை தெரிந்த ஆசாரி கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி கட்டுப்படி ஆவதில்லை. வளைகுடாவிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் பணம் அனுப்பத் தயார், ஆனால் புதுசு கட்டத்தான் தயார், ஒழுகலை அடைக்க இல்லை. தொல்லியல் துறைக்குப் போகலாமே என்றால், இப்படிப்பட்ட பள்ளிகள் பெரும்பாலும் அந்தத் துறையின் பாதுகாப்பில் இல்லை. ஊர் முடிவுதான் முடிவு. ஆக, இத்தனை நூற்றாண்டு அதைக் காப்பாற்றிய அதே பள்ளியோகம்தான் அதை இடிக்கவும் அதிகாரம் உள்ளது!

நண்பர் எழுந்து பேசியிருக்கிறார். "ராமபுரத்துல பழையதை இடிக்காம பக்கத்துல புதுசு கட்டியிருக்காங்களே" என்றிருக்கிறார். "அவங்களுக்கு இடம் இருக்கு, நமக்கு எங்கே இருக்கு?" என்று பதில். அவருடைய எழுபத்தெட்டு வயது அம்மா கூட்டத்துக்குப் போகவில்லை. வீட்டிலேயே சொன்னாராம்: "உங்க அப்பாவுக்கு அங்கேதான் மாமோதீஸா. எனக்கு அங்கேதான் கல்யாணம். எனக்கு மட்டும் எங்கே அடக்க ஜெபம்?"

கடைசியில் நடுவழி ஒன்று தேறியது. மத்பஹாவை விட்டுவைப்பது, ஹைக்கலாவை இடித்துப் பெரிதாகக் கட்டுவது. போன மாதம் போய்ப் பார்த்தேன். பெரிய வெள்ளை மண்டபம், மின்விசிறி வரிசை. அதன் கோடியில் பழைய பீடமும், தடிமனான சுவரும், மரக்கூரையும். ஒட்டவில்லைதான். ஆனால் இருக்கிறது. எடுத்துப் போட்ட ஆஞ்சிலி உத்தரங்கள் ஏலத்தில் போய்விட்டன. ஒன்றை நண்பர் வாங்கி வீட்டுத் திண்ணையில் போட்டிருக்கிறார். அவர் அம்மா தினமும் அதில்தான் உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறார்.

எனக்கு அறிவுரை சொல்ல வாய் வரவில்லை. நம் ஊரில் என்ன வாழ்ந்தது? திருப்பணி என்று மணல்வீச்சு அடித்துக் கல்வெட்டு எழுத்தை மழுங்கடித்த கோயில்கள் நமக்கும் உண்டு. சுதைச் சிற்பத்தின் மேல் பளபளா பெயிண்ட் அடித்துவிட்டு "ஜம்முனு இருக்கு" என்றவர்கள்தானே நாமும்.

ஒன்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. சஹார்புக்தின் மகன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், கடல் கடந்து வந்த மக்களோடு சேர்ந்தவன். வந்த இடத்தில், வந்த இடத்தின் தச்சனையும் சிற்பியையும் வைத்து ஒரு வழிபாட்டிடத்துக்கு வழி செய்தவர்கள் அவர்கள். நாமும் ஊர் விட்டு வந்தவர்கள்தான். தில்லியிலும் மும்பையிலும் நம் ஆட்கள் சங்கமும் கோயிலும் கட்டியது இப்படித்தான். அவன் வரி இன்னும் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் கல் இல்லை. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத ஊர்மக்கள், தலைமுறை தலைமுறையாக, 'இது நம்முடையது' என்று வைத்திருந்ததுதான்.

பொங்கலுக்கு ஆலந்தூர் போனபோது பிள்ளைகளோடு பரங்கிமலை ஏறினேன். விமானம் பார்த்தோம், ஐஸ் சாப்பிட்டோம். உள்ளே போனதும் என் பெண் கல்லைக் காட்டி, "அப்பா, இது கோட்டயத்துல இருக்கற அதே எழுத்து!" என்றாள். பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பையன் தன் அப்பாவிடம் அது என்ன பாஷை என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவர் பதில் சொல்வதற்குள் இவளே சொல்லிவிட்டாள். நீங்களும் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கோட்டயம் பக்கம் வந்தால் மறக்காமல் வலிய பள்ளிக்கு வாருங்கள். கேள்விக்குப் பதில் இப்போது உங்களுக்குத் தெரியுமே.